குறிசுட்ட மாடும் நேர்ச்சைக் கிடாவும்

கல்முனைக் கரையின் பழைய கதையை எழுதப் புறப்படுகிறவர்கள் பள்ளிவாசல் பதிவுகளையும் ஒல்லாந்தர் காலத்துத் தோம்புகளையும் காணி உறுதிகளையும் தேடிப் போவார்கள். நான் கால்நடை அபிவிருத்திப் போதனாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். எனக்குப் பழகிய ஆவணம் மாட்டின் பின்தொடையில் இருந்தது. சிவக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்ட குறி அது. மேலே குடிக்குறி, கீழே உரிமைக்காரரின் பேர் எழுத்து. கைமாறிய மாடென்றால் பழைய குறிக்குப் பக்கத்தில் புதுக்குறி ஏறியிருக்கும். வாப்பா மாட்டு வியாபாரி. அவருக்குப் பேப்பர் வாசிப்பது கஷ்டம், குறி வாசிப்பது சுலபம். சந்தையில் ஒரு மாட்டைச் சுற்றி வந்தாரென்றால் அது எந்த ஊர், எந்தக் குடி, எத்தனை பேர் கையில் இருந்தது, சீதனமாகப் போனதா கடனுக்குப் போனதா என்பதுவரை சொல்லிவிடுவார். பாதி அவருடைய கற்பனையாக இருக்கலாம். மீதிப் பாதிக்கு நான் பின்னாளில் சாட்சி கண்டிருக்கிறேன்.

குடி என்பது எங்கள் பக்கத்தில் தாய்வழி. முஸ்லிமுக்கும் தமிழருக்கும் அப்படித்தான். உம்மா எந்தக் குடியோ பிள்ளையும் அந்தக் குடி. பள்ளிவாசலில் குடிக்கொரு மரைக்கார் இருந்து ஊர்க்காரியம் பேசிய காலம் இருந்தது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1969 தொடங்கி அக்கரைப்பற்றில் தங்கி இதையெல்லாம் கேட்டெழுதி, 2008இல் ஒரு பெரிய நூலாக்கினார். மனிதருக்கு இருந்த இந்தக் கணக்கு மாட்டுக்கும் இருந்தது என்பதுதான் என் தொழிலுக்கு முக்கியம். காட்டில் மேயும் பட்டியில் கன்றின் தகப்பன் எந்த நாம்பன் என்று யாருக்கும் தெரியாது. எந்தப் பசுவில் வாய்வைத்துக் குடிக்கிறதோ அந்தப் பசுவின் குறி கன்றுக்கு. ஆகவே தாய்வழி தப்பாமல் பதிவாகிக்கொண்டே வந்தது. ஐரோப்பாவில் பண்ணைக்காரர்கள் மந்தைப் பேரேடு வைத்து எழுதினார்கள். நாங்கள் அதைத் தோலில் எழுதினோம், தாய்ப்பக்கம் மட்டும்.

மாட்டோடு எங்கள் சனத்துக்குள்ள உறவு வயலோடு தொடங்கியதல்ல. போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம்களில் நாலாயிரம் பேரைக் கண்டியரசன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அதற்கு முன்னரே இங்கே முஸ்லிம்கள் இருந்தார்கள் என்பது வேறு சங்கதி. கடலோரத்து உப்பும் கருவாடும் புடைவையும் ஊவாவுக்கும் விந்தனைக்கும் ஏற வேண்டும், மலைப்பக்கத்துப் பாக்கும் தேனும் மெழுகும் இறங்க வேண்டும். வண்டி போகும் தெருவில்லாத காலம். பொதிமாடுகளை வரிசையாகக் கட்டி ஓட்டிப்போகும் அந்தக் கூட்டத்துக்குத் தவளம் என்று பேர். கண்டியரசில் போக்குவரத்தைக் கவனித்த மடிகே பத்த என்ற பிரிவே முஸ்லிம்களின் கையில் இருந்ததைப் பேராசிரியை லோர்னா தேவராஜா 1994இல் வெளிவந்த தன் நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

தவளத்துக்கு எந்த மாடு ஏற்றது என்பதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள். உயரமான மாடு கூடாது, காட்டுக் கிளையில் பொதி மாட்டும். குளம்பு கல்லுப்போல இருக்க வேண்டும். வழியில் கிடைத்த புல்லைத் தின்று, கிடைத்த குட்டையில் தண்ணீர் குடித்து, உண்ணிக்கும் காய்ச்சலுக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும். ஒட்டகம் வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் என்று மேடையில் பெருமை பேசுகிற சிலர் எங்கள் ஊரில் உண்டு. எனக்குத் தெரிந்து எங்களைச் சுமந்தது இந்தக் குட்டை மாடுதான். தோளில் சின்னத் திமில், கறுப்போ செம்மையோ மயிலையோ ஒரு நிறம், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு லீட்டருக்கு மேல் பால் தராத மடி. புத்தகத்தில் இதை இலங்கைச் செபு என்றோ ‘வகைப்படுத்தப்படாதது’ என்றோ போடுவார்கள். பட்டிக்காரனுக்கு அது நாட்டுமாடு, அவ்வளவுதான்.

பிரித்தானியர் தெருப்போட்டதும் தவளம் ஓய்ந்தது. மாடு வண்டிக்கும் வயலுக்கும் வந்தது. சம்மாந்துறை, நிந்தவூர், கல்முனைப் பக்கத்துப் பெரிய வயற்காரரான போடிமாருக்கு மேற்கே வட்டை வட்டையாக வயல். அந்த வயலுக்குப் பின்னால் காடு. இந்த இரண்டுக்கும் நடுவே மாடு வருஷத்தில் இரண்டு முறை இடம்பெயர்ந்தது. ஐப்பசியில் வாடைமழை தொடங்கிப் பெரும்போகம் விதைத்தால் பட்டியெல்லாம் மேற்கே மேட்டுநிலத்துக்கும் காட்டுக்கும் ஏறும். மாசி, பங்குனியில் வெட்டு முடிந்து சூடு மிதித்து நெல் வீட்டுக்கு வந்ததும் பட்டி திரும்பி வயலில் இறங்கும். ஒட்டு வைக்கோலையும் வரம்புப் புல்லையும் தின்று, இரவில் அடைக்கப்பட்ட இடத்தில் எருவிட்டு, அடுத்த விதைப்புக்கு நிலத்தை ஆக்கிக் கொடுக்கும். உரமூட்டை வாங்காத காலம். தன் வயலில் பட்டி அடைக்கச் சொல்லிப் போடியார் பட்டிக்காரனைக் கெஞ்சியதும் உண்டு.

பட்டிக்காரர் பலர் தமிழர், மாட்டுக்காரர் பலர் முஸ்லிம். எல்லா இடத்திலும் அப்படியில்லை. தமிழ்ப் போடியாரின் மாட்டை முஸ்லிம் பார்த்ததும், இருவருடைய மாடும் ஒரே மாட்டுக்காலையில் படுத்ததும் நடந்தது. பார்க்கிறவனுக்குப் பால் சொந்தம், கன்றில் ஒரு பங்கு. அந்தப் பாலைத்தான் புரையூற்றிச் சட்டியில் தயிராக்கி ஊருக்கு இறக்கினார்கள். பங்குக் கணக்கில் ஆண்டுக்கொருதரம் சண்டை வரும். கணக்கு மரத்தடியில் தீரும், கச்சேரிக்குப் போகாது.

எந்த நாம்பனைப் பொலிக்கு விடுவது, எதை நலமடிப்பது என்று தீர்மானித்ததும் இந்தப் பட்டிக்காரர்தான். வாப்பாவோடு ஒருமுறை இறக்காமத்துக்கு அப்பால் ஒரு பட்டிக்குப் போனபோது நான் பள்ளிக்கூடப் பிள்ளை. வயதான பட்டிக்காரர் ஒருவர் வாட்டசாட்டமான ஒரு நாம்பனைக் காட்டி, நலமடிக்கப் போவதாகச் சொன்னார். வாப்பாவுக்கு வியப்பு.

“இவ்வளவு வடிவான நாம்பனையா?”

“வடிவுதான் காக்கா. கோடையில எலும்பாப் போகுது. போன கோடையில நாலுதரம் தூக்கி நிப்பாட்டினன். அந்தக் கறுவலப் பாருங்க, ஆளு சின்னன், புரட்டாதியிலயும் வயிறு ஒட்டல்ல.”

கறுவல்தான் பொலிக்கு நின்றது. இனவிருத்திப் பாடத்தில் சூழல் தகவமைப்புக்கான தெரிவு என்று எனக்குப் பிறகு கற்பித்தார்கள். அந்தப் பாடத்தில் இந்த அளவுக்குத் தெளிவு இருந்ததாக ஞாபகமில்லை.

எருமையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. நிலத்தை மிதித்துச் சேறாக்கியதும் களத்தில் சூடு மிதித்ததும் பெரும்பாலும் எருமைதான். தயிர் கெட்டியாக இருந்ததற்கும் அதன் கொழுப்புதான் காரணம். இலங்கை எருமை ஒரு விசித்திரம். உலகத்தில் வளர்ப்பெருமை இரண்டு வகை. சீனா முதல் பிலிப்பைன்ஸ்வரை உள்ள சேற்றெருமைக்குக் குரோமோசோம் 48. இந்தியாவின் முர்ரா, சூர்த்தி போன்ற ஆற்றெருமைக்கு 50. எங்கள் எருமை உருவத்திலும் கொம்பிலும் சேற்றில் புரளும் குணத்திலும் முதல் வகை மாதிரியே இருக்கும், எண்ணிப் பார்த்தால் 50. ஆற்றெருமையின் இரத்தத்தோடு சேற்றெருமையின் வாழ்க்கையை வாழ்ந்த ஒரு மிருகம். இதை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தபோது முர்ராவும் சூர்த்தியும் கலக்கத் தொடங்கியாகிவிட்டது. பாலுக்காகக் கலந்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். கலப்பதற்கு முன் எது கையில் இருந்தது என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்த ஏற்பாடு உடைந்த ஆண்டைச் சொல்லலாம் என்றால் 1949. அந்த வருடம் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. அமெரிக்கக் கம்பனியான மொரிசன் நூட்சன் இங்கினியாகலையில் அணையைக் கட்டியது. பட்டிப்பளை ஆறு தேங்கிச் சேனாநாயக்க சமுத்திரமானது. தண்ணீருக்குள் போன காடு, குடியேற்றத்துக்கு வெட்டிய காடு, இங்குரானையில் கரும்புக்குப் போன நிலம் எல்லாம் பட்டிகள் மேய்ந்து திரிந்த இடங்கள். குடியேற்றத்தின் இன அரசியலை நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், 1961இல் அம்பாறை தனி மாவட்டமானதையும் எழுதியிருக்கிறார்கள். மாட்டுக்கு என்ன நடந்தது என்று எழுதியவர்கள் குறைவு. நிலம் போனதைவிடப் பெரிய இடி காலம் போனது. வாய்க்கால் தண்ணீர் வந்ததும் சிறுபோகமும் விதைக்கலாம் என்றாயிற்று. இரண்டு போகம் விளையும் வயலில் மாடு இறங்க மாதமேது? மேற்கே காடில்லை, கிழக்கே ஒட்டில்லை. நடுவில் நின்ற மாட்டுக்குக் கட்டாக்காலி என்று பேர் வந்தது. பயிரில் வாய் வைத்தால் பிடித்துக் கட்டித் தண்டம் கேட்கத் தொடங்கினார்கள். ஒரு காலத்தில் எருவுக்காக அழைத்த அதே வயற்காரர்கள்!

பிறகு உழவு இயந்திரம், அதற்குப் பிறகு லேண்ட்மாஸ்டர். எருமைக்கு வயலில் வேலை போயிற்று. சூடடிக்க மெசின் வந்ததும் களத்திலும் போயிற்று. வேலை போன மிருகத்துக்கு இறைச்சி விலை ஒன்றுதான் மிச்சம்.

அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, திருக்கோவில் பக்கத்தில் வட்டமடுவைக் கேட்டால் இந்தக் கதை இன்னும் நடந்துகொண்டிருப்பது தெரியும். மேய்ச்சல்தரையென்று வர்த்தமானியில் வந்த நிலம் எங்கள் வயற்செய்கைக் காணி என்று விவசாயிகள் சொல்கிறார்கள், எங்கள் மாட்டின் நிலம் என்று பண்ணையாளர்கள் சொல்கிறார்கள், எங்கள் காடு என்று வன இலாகா சொல்கிறது. விவசாயிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், பண்ணையாளர்களில் பெரும்பாலோர் தமிழர்கள் என்பதால் அரசியல்வாதிகளுக்கு இது வாய்ப்பான பிரச்சினை. மட்டக்களப்பில் மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல்தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டமும் இதே வயிற்றெரிச்சல்தான், எதிர்ப்பக்கத்தில் நிற்பவர்கள்தான் வேறு. இருபக்கத்து ஆவணங்களையும் பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: மாடு நடக்கும் பாதை எந்த வரைபடத்திலும் இல்லை.

இனக்கலப்பைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஆட்கள் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுவார்கள். சீமைமாடு வந்துதான் எல்லாம் கெட்டது என்பவர்கள் ஒருபக்கம், நாட்டுமாடு கஞ்சிக்கும் பயனில்லை என்பவர்கள் மறுபக்கம். இந்த விஷயத்தை ஆழமாகப் பார்த்தவர்களில் இரண்டு பேர் எங்கள் நாட்டுத் தமிழர்கள். பி. மகாதேவன் 1958இலேயே வெப்பநாட்டுப் பால்மாட்டு இனவிருத்தி பற்றி நூல் எழுதி உலகப் பேர் பெற்றவர். பேராதனைக் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த வி. புவனேந்திரனோடு சேர்ந்து, பாலுக்கான கலப்பினப்பெருக்கம் இலங்கையில் எப்படிப் போகிறது என்று 1975இல் உலக உணவு விவசாய அமைப்பின் கால்நடைச் சஞ்சிகையில் எழுதினார். சிந்தி, சாகிவால், ஜேர்சி, பிரீசியன் என்று எதை எதோடு எந்த அளவில் கலப்பது என்ற கேள்விக்கு வாய்ப்பேச்சில் அல்லாமல் கணக்கில் பதில் தேடிய காலம் அது.

நானும் குண்டசாலையிலிருந்தும் பொலன்னறுவையிலிருந்தும் வந்த விந்துக்குழாய்களைத் திரவ நைதரசன் கலத்தில் சுமந்து மோட்டார் சைக்கிளில் ஊரூராகத் திரிந்தவன்தான். நாட்டுப்பசுவுக்குச் சாகிவாலோ ஜேர்சியோ போட்டுப் பிறந்த முதல் கன்று தாயைவிட மூன்று மடங்கு, நாலு மடங்கு கறந்து, வெயிலையும் தாங்கியதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். அந்த வீடுகளில் அடுப்பு அந்தப் பாலில் எரிந்தது. ஆனால் அந்த வீரியம் முதல் தலைமுறையின் வீரியம். அந்தக் கிடாரிக்கு மறுபடி ஜேர்சி, அதன் மகளுக்கும் ஜேர்சி என்று போட்டுக்கொண்டே போனால், நாலாவது தலைமுறையில் கல்முனை வெயிலில் மூச்சிரைக்க நிற்கும் ஒரு ஜேர்சி கிடைக்கும், ஜேர்சிக்குரிய தீனும் கூரையும் இல்லாமல். எல்லாம் கலந்துவிட்ட பின் மறுபடி முதல் தலைமுறை வேண்டுமென்றால் தூய நாட்டுப்பசு வேண்டும். அதாவது கலப்பினத்தின் முதலீடே நாட்டினம்தான். வட்டியைத் தின்னும் அவசரத்தில் முதலைச் செலவழித்தவர்கள் நாங்கள். 2012க்குப் பின்னர் அவுஸ்திரேலியா, நியூசிலாந்திலிருந்து கப்பலில் கறவைகளை இறக்கியபோதும் இந்தக் கணக்கை யாராவது போட்டிருந்தால் நல்லது.

ஆட்டிலும் செம்மறியிலும் அரசு இதே வேலையைச் செய்தது, சில இடத்தில் நன்றாகச் செய்தது. புத்தளப் பக்கத்துக் கொட்டுக்கச்சியப் பண்ணையில் உள்ளூர் ஆட்டோடு ஜமுனாபாரியைக் கலந்து, வறண்ட நிலத்துக்கென்றே ஓர் ஆட்டை ஆக்கினார்கள். பண்ணையின் பேரே அதற்கு இனப்பேராயிற்று. செம்மறியில் எங்கள் நாட்டுக்கென்று சொல்ல இருப்பது யாழ்ப்பாணச் செம்மறி ஒன்றே. கம்பளி இல்லாத, மயிர் மூடிய, வெயிலுக்கும் உப்புக்காற்றுக்கும் அசராத சிறு உருவம். கர்நாடகத்துப் பன்னூர்க் கிடாவையும் இங்கிலாந்துக் கிடாக்களையும் அதோடு கலந்து பார்த்தார்கள். கம்பளிப் போர்வையோடு பிறந்த ஆட்டை உலர்வலயத்தில் விடுவதன் புத்திசாலித்தனத்தை நான் விமர்சிக்கப் போவதில்லை, வெயில் விமர்சித்துவிட்டது. எங்கள் கரையில் செம்மறி என்றைக்கும் அரிது. மழைக்காலத்தில் காலடி ஈரம் ஒத்துக்கொள்ளாது என்பார்கள். ஹஜ்ஜுப் பெருநாளை அண்டி லொறியில் வந்து இறங்குவதோடு சரி.

வெள்ளாடு அப்படியல்ல. அது பெண்களின் சொத்து. வளவுக்குள் இரண்டு மறி, வேலியில் பூவரசங்குழை, சோறு வடித்த கஞ்சி. பிள்ளை பிறந்தால் அகீகாவுக்கு ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று. படிப்புச் செலவுக்கு ஒன்று, ஆஸ்பத்திரிக்கு ஒன்று. குட்டியைப் பங்குக்கு வளர்க்கக் கொடுப்பதும் உண்டு. ஈனும் குட்டியில் பாதி இவளுக்கு, பாதி வளர்த்தவளுக்கு. இப்படி ஒரு தாயின் பிள்ளைகள் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் நற்பட்டிமுனையிலும் சிதறிக் கிடந்தன. ஒரு வளவில் நோய் வந்தால் வித்து இன்னொரு வளவில் இருக்கும். பாதுகாப்புத் திட்டம் என்று யாரும் பேர் வைக்கவில்லை.

கிடாவுக்குத்தான் ஏற்பாடு வேண்டும், இரண்டு மறி வைத்திருக்கிறவள் கிடாவுக்குத் தீன் போடமாட்டாள். அந்த இடத்தை நேர்ச்சைக் கிடா நிரப்பியது. நோய் தீர்ந்தால் பள்ளிக்கு ஒரு கிடா என்று நேர்ந்து, குட்டியிலேயே காது கிள்ளி விட்டுவிடுவார்கள். கந்தூரி வரும்வரை அது ஊர்க்கிடா. யார் வேலிக்குள் நுழைந்தாலும் அடிக்க மாட்டார்கள், திட்டுவார்கள். நேர்ச்சை என்பதால் குட்டிகளில் நல்லதைத்தான் கொடுப்பார்கள், அல்லாவுக்குக் கொடுப்பதில் நொண்டியையா கொடுப்பது? ஆகவே ஊரின் சிறந்த கிடா ஒன்றிரண்டு வருஷம் ஊருக்கே பொதுவாகப் பொலிந்து, பிறகு கந்தூரிச் சோற்றுக்குப் போனது. தமிழ் ஊர்களில் கோயிலுக்கு விட்ட காளையும் இதே உத்தியோகம் பார்த்தது. நேர்ச்சையும் கந்தூரியும் மார்க்கத்தில் கூடுமா என்ற விவாதம் கடந்த நாற்பது, ஐம்பது வருடத்தில் எங்கள் ஊர்களில் வலுத்தது. அதில் புகுந்து தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. கிடா நின்றுபோனது என்பதை மட்டும் பதிகிறேன்.

இன்னொன்று யாரும் கவனிக்காதது. ஹஜ்ஜுப் பெருநாளில் அறுக்கும் உழ்ஹிய்யாவுக்கு ஊனமில்லாத, கொழுத்த, வயதுவந்த பிராணி வேண்டும். ஷாபி மத்ஹபில் வெள்ளாட்டுக்கு இரண்டு வயது. இரண்டு வருஷம் நோயில்லாமல் வளர்ந்த, உருவான கிடா எதுவோ அதற்குத்தான் துல்ஹஜ்ஜில் அதிக விலை. நேர்ச்சைக் கிடா இருந்தவரை அறுபடுமுன் அது வித்தைப் போட்டுவிட்டுப் போனது. இப்போது அப்படியில்லை. நல்லதெல்லாம் பெருநாளைக்குப் போக, விலைபோகாமல் மிஞ்சிய சவலைக் கிடாதான் அடுத்த வருஷக் குட்டிகளுக்கு வாப்பா. இருபது பெருநாள் இப்படிப் போனால் ஆடு சின்னதாகாமல் என்ன செய்யும்? சின்னதானதும், நாட்டாடு உதவாது, நீளக்காது ஆடு கொண்டுவா என்கிறார்கள்.

இடையில் வந்த அழிவுகளை நான் ஒன்றொன்றாக விரிக்கப் போவதில்லை. 1978 நவம்பர்ச் சூறாவளி பட்டிகளைக் காட்டோடு சாய்த்தது. யுத்தத்தில் முஸ்லிம் தன் மாட்டைப் பார்க்க மேற்கே போக முடியவில்லை, தமிழ்ப் பட்டிக்காரன் பங்குக் கணக்குச் சொல்லக் கரைக்கு வர முடியவில்லை. குறி தெரிந்த இருவரும் பேசமுடியாத காலத்தில் மாட்டைப் பிடித்தவன் மாட்டுக்காரனானான். 1987இல் வெக்கை நோய், ரிண்டர்பெஸ்ட், பல பத்தாண்டுகளுக்குப் பின் நாட்டுக்குள் வந்தது. இந்திய அமைதிப்படையின் உணவுக்கென்று கொண்டுவரப்பட்ட ஆடுகளோடு வந்ததென்று ஆய்வாளர்கள் கண்டார்கள். வடக்கிலும் கிழக்கிலும் மாடும் எருமையும் கண்ணில் பீளை வடிய விழுந்தன. நாங்கள் இரண்டு பக்கத்துச் சோதனைச்சாவடியிலும் தடுப்பூசிப் பெட்டியைத் திறந்து காட்டிக் காட்டிப் போய் ஊசி போட்டோம். 1994க்குப் பிறகு அது இலங்கையில் வரவில்லை, 2011இல் உலகத்திலிருந்தே ஒழிந்ததென்று அறிவித்தார்கள். மனிதனுக்குப் பெரியம்மை ஒழிந்ததற்கு அடுத்தபடி அப்படி ஒழிந்த ஒரே நோய் அதுதான்.

2004 ஆழிப்பேரலை கரையோர வளவுகளில் ஆட்டை மறியோடு குட்டியோடு கொண்டுபோயிற்று. சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் மனிதரை எண்ணி முடிக்காத நாட்களில் ஆட்டை யார் எண்ணுவது? வாழ்வாதாரத் திட்டங்களில் பிறகு ஆடு பங்கிட்டார்கள். வந்தவை பெரும்பாலும் ஜமுனாபாரிக் கலப்பு. நீண்ட தொங்கு காது, வளைந்த மூக்கு, உயர்ந்த கால். நிவாரண ஆடு என்று சிரித்தாலும் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். யமுனை, சம்பல் ஆற்றோரம் பிறந்த அந்த இனம் தன் தாய்மண்ணான எட்டாவாப் பக்கத்திலேயே தூய நிலையில் அருகிவருகிறது என்பது எங்கள் வளவுகளுக்கு எட்டாத செய்தி.

நாட்டினம் எதையும் தாங்கும் என்ற பேச்சிலும் எனக்கு முழுச் சம்மதமில்லை. 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயலை ஒட்டிய குளிர்மழையில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடும் எருமையும் ஆடும் விறைத்துச் செத்தன. பலதும் நாட்டினம்தான். வெயிலுக்கென்று ஆன உடம்பு குளிருக்கு ஆனதல்ல. அதோடு, ஒதுங்கக் காடில்லாமல், வயிற்றில் தீனில்லாமல் வெட்டவெளியில் மூன்று நாள் நனைந்தால் எந்த இனம் நிற்கும்?

உலக உணவு விவசாய அமைப்பு 2007இல் ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. இந்த நூற்றாண்டின் முதல் ஆறு வருடத்தில் 62 இனங்கள், ஏறத்தாழ மாதத்துக்கொன்று, அற்றுப்போனதாக அது சொன்னது. பெண் ஆயிரத்துக்கோ, ஆண் இருபதுக்கோ மேற்படாத இனம் ஆபத்தில் உள்ளது என்பது அவர்கள் கணக்கு. ஆண் இருபது என்ற எண்ணைக் கவனியுங்கள். எத்தனை மறி இருந்தாலும் கிடா அற்றுப்போனால் இனம் அற்றுப்போகும். இலங்கை, வங்காளதேசம், பாகிஸ்தான், வியட்நாம் ஆகிய நாலு நாடுகளின் உள்நாட்டு இனங்களை ஆராய ஒரு சர்வதேசத் திட்டமும் பிறகு நடந்தது. ஆனால் பேரில்லாத இனத்துக்கு எந்தக் கோப்பும் திறக்காது. பாக்குநீரிணைக்கு அப்பால் மேச்சேரி, வேம்பூர், கீழக்கரிசல், கச்சைக்கட்டிக் கருப்பு என்று ஊருக்கொரு செம்மறிக்குப் பேருண்டு, பதிவுண்டு, மேச்சேரிக்குப் பொட்டனேரியில் ஆராய்ச்சி நிலையமே உண்டு. எங்களிடத்தில் தமன்கடுவ வெள்ளை மாடு அண்மையில் ஆய்வாளர் கண்ணில் பட்டிருக்கிறது. கல்முனை வளவின் குட்டைக்காது ஆடு இன்னும் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

மாடு அறுப்பதைத் தடைசெய்தால் நாட்டுமாடு பிழைக்கும் என்று 2020இல் அமைச்சரவைவரை ஒரு யோசனை போய், அங்கீகாரமும் கிடைத்தது. நாம்பனை விற்க முடியாதவன் பசுவை வளர்க்க மாட்டான். தயிரும் நாம்பனும் சேர்ந்துதான் பட்டிக்காரனின் வருமானம். இதைச் சொன்னால் முஸ்லிம் என்பதால் சொல்கிறான் என்பார்கள். சித்தாண்டிப் பண்ணையாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்பது அவ்வளவு பெரிய காரியமில்லை. போன வருஷம் எங்கள் மஹல்லாப் பள்ளி நிர்வாகத்திடம் ஒரு யோசனை வைத்தேன். பெருநாளைக்கு ஆடு வாங்கும்போதே உறவில்லாத இரண்டு ஊர்களிலிருந்து நல்ல நாட்டுக்கிடா இரண்டை மேலதிகமாக வாங்கி, அறுக்காமல் ஊருக்குப் பொலிக்கு விடுங்கள். இரண்டு வருஷத்தில் மாற்றி, பழையதை உழ்ஹிய்யாவுக்கே எடுங்கள். நேர்ச்சை என்று சொல்ல வேண்டாம், வக்பு என்று வேண்டுமானால் எழுதுங்கள்.

“தீன் ஆரு போடுற சேர்?” என்றார் ஒருவர்.

“ராவைக்குக் களவு போனா பள்ளி பதில் சொல்லணுமே” என்றார் இன்னொருவர். அதுவும் நியாயம்தான்.

பிறகு கிடா கட்ட இடம் கேட்டு நான் போனது ஆடு வளர்ப்பதில் எங்கள் பகுதியில் பேர்போன ஒரு ராத்தாவிடம். வளவில் கட்டச் சம்மதம், தீனும் தானே போடுவதாகச் சொன்னார், ஒரு நிபந்தனையோடு.

“நாட்டுக்கிடாவ நான் கட்டினா எனக்கென்ன லாபம் தம்பி? நீளக்காதுக் குட்டிக்கு ரெண்டு மடங்கு காசு. ஒண்டு நீளக்காதாக் கொண்டுவாங்க, மத்தது ஒங்கட விருப்பம்.”

இரண்டையும் ஒரே வளவில் கட்டினால் என் திட்டத்தின் அர்த்தமே போய்விடும் என்று விளக்கினேன். அப்படியானால் நாட்டுக்கிடாவைத் தங்கச்சி வீட்டில் கட்டலாம், மூன்று வளவு தள்ளி, என்றார். மூன்று வளவு ஒரு கிடாவுக்குத் தூரமில்லை. வேலியை மதிலாக்கினால் பார்க்கலாம் என்று இப்போது பேச்சு அங்கே நிற்கிறது.